கறுத்த திரைக்கு மறதியே மருந்து

செமினி வட்டாரத்தில் ரப்பர் மரங்களும் செம்பனையும் நின்ற நிலங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. 2005ஆம் ஆண்டில் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் மலேசிய வளாகமும் இங்கே வந்து சேர்ந்தது. காலம் மாறியது போலவே நம் வீடுகளும் மாறியிருக்கின்றன. 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிப் பள்ளிகள் மூடப்பட்டபோது, பாடம் வீட்டுக்கே வந்தது. அதைப் படிக்கக் கைத்தொலைபேசி போதவில்லை. நகையை அடகு வைத்தும், கடன் வாங்கியும் பிள்ளைகளுக்குப் பழைய கணினி ஒன்றை வாங்கித் தந்த தாய் தந்தையர் உண்டு. அந்தக் கணினியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

இப்படி ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். படிவம் 4இல் படிக்கும் மகன், கணினியின் வேகத்தை இலவசமாகக் கூட்டலாம் என்று எங்கோ ஒரு காணொளியில் பார்க்கிறான். கணினியின் அமைப்புப் பக்கத்துக்குப் போய் ஓர் எண்ணை மாற்றுகிறான். கணினியை மறுபடி முடுக்குகிறான். விசிறி சுற்றுகிறது; விளக்கு எரிகிறது; திரையோ கறுத்தே கிடக்கிறது. அப்பா கோபப்படுகிறார். அம்மா கட்டிய தவணையை எண்ணிக் கலங்குகிறார். கடைக்குக் கொண்டு போனால், "தாய்ப்பலகை போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்று சொல்லிச் சில நூறு வெள்ளி கேட்கவும் கூடும்.

நேயர்களே, இத்தகைய வேளையில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்: வேகத்தைக் கூட்டியதால் கறுத்துப்போன கணினி பெரும்பாலும் செத்துப் போவதில்லை. அது ஒரு தவறான எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு தவிக்கிறது. அந்த எண்ணை அது மறக்கும்படி செய்துவிட்டால் எழுந்து வந்துவிடும். எப்படி என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், வேகம் என்றால் என்ன? கணினியின் மூளையைச் செயலி என்கிறோம். அது ஒரு தாளத்துக்கு ஏற்ப வேலை செய்கிறது. 4 கிகாஹெர்ட்ஸ் செயலி என்றால் ஒரு நொடிக்கு 400 கோடி தாளம். கோலாட்டம் ஆடும் பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தாளத்துக்கும் ஒரு கோல் அடுத்த கோலைத் தட்ட வேண்டும். தாளத்தைச் சற்றே கூட்டினால் ஆட்டம் விறுவிறுப்பாகும். மேலும் கூட்டினால், ஏதோ ஒரு பிள்ளையின் கை எட்டாமல் போகும், கோல் தவறும், வட்டம் முழுவதும் குலைந்துவிடும். பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. தாளம்தான் அவர்கள் கைக்கு மீறிப் போனது. செயலியிலும் அப்படியே. உள்ளே ஒரு கணக்கு முடிவதற்குள் அடுத்த தாளம் விழுந்தால் விடை தவறாகும், கணினி நின்றுவிடும்.

அப்படியானால் வேகத்தைக் கூட்ட இடம் எங்கே இருக்கிறது? தொழிற்சாலையில் செய்யப்படும் சில்லுகள் எல்லாம் ஒரே தரமாக அமைவதில்லை. ஒவ்வொன்றையும் சோதித்து, இந்த வேகத்தில் எந்த நிலையிலும் தவறாமல் ஓடும் என்று சற்றே தாராளமாக இடம் விட்டு வேகத்தைக் குறிக்கிறார்கள். அந்த விட்ட இடத்தைத்தான் நம் இளைஞர்கள் பயன்படுத்திக்கொள்ளப் பார்க்கிறார்கள்.

இது புதிய ஆசை அன்று. 1984இல் ஐ.பி.எம். நிறுவனம் ஏ.டி. என்னும் கணினியை வெளியிட்டது. அது 6 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடியது. தாளம் போடும் படிகத்தைக் கழற்றிவிட்டு வேகமான படிகத்தைச் செருகி, சிலர் அதை 8 மெகாஹெர்ட்ஸில் ஓட்டினார்கள். நிறுவனம் பின்னர் தொடக்கச் சோதனையிலேயே வேகத்தை அளந்து பார்க்கும் ஒரு பகுதியைச் சேர்த்தது. வேகம் கூடியிருந்தால் கணினி கிளம்ப மறுத்தது.

1998இல் வந்த இண்டெல் செலரான் 300ஏ என்ற செயலியின் கதை இன்னும் புகழ்பெற்றது. அதன் பெருக்கும் எண் 4.5. தாய்ப்பலகையின் தாளம் 66 மெகாஹெர்ட்ஸ். இரண்டையும் பெருக்கினால் ஏறக்குறைய 300. தாளத்தை 100 ஆக்கியபோது வேகம் 450 ஆனது. விலை குறைந்த சில்லு விலை உயர்ந்த சில்லோடு போட்டி போட்டது. நம் நாட்டுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. இண்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை 1972இல் பினாங்கில்தான் திறந்தது. அக்காலத்து இண்டெல் சில்லுகள் பலவற்றின் மேல் மலேசியாவைக் குறிக்கும் 'மலாய்' என்ற சொல் பொறிக்கப்பட்டிருக்கும். ஆகவே இது எங்கோ அயல்நாட்டார் மட்டும் அறிந்த மாயம் என்று நாம் மிரள வேண்டியதில்லை.

இனி, திரை ஏன் கறுக்கிறது என்று பார்ப்போம். தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டு எதற்கு என்று உங்களுக்குத் தெரியும். யார் வந்தார், யார் வரவில்லை என்று பார்த்து, பெயர் பதிந்த பிறகுதான் ஆட்கள் வேலைக்குப் போவார்கள். கணினியும் பொத்தானை அழுத்தியவுடன் ஒரு பெரட்டு நடத்துகிறது. செயலி இருக்கிறதா, நினைவுப் பலகையாகிய ராம் இருக்கிறதா, திரைக்குப் படம் அனுப்பும் பகுதி இருக்கிறதா என்று சோதிக்கிறது. இதை நடத்தும் கிராணிக்குப் பெயர் பயாஸ். அந்தக் கிராணி, நாம் கடைசியாகக் கொடுத்த வேக எண்ணை ஏட்டில் பார்த்து, அந்த வேகத்திலேயே பெரட்டைத் தொடங்குகிறார். வேகம் அளவு மீறியிருந்தால் பெரட்டு பாதியிலேயே குலைந்துவிடும். திரைக்கு முறை வருவதே இல்லை.

இங்கேதான் சிக்கல். எண்ணைத் திருத்த வேண்டுமானால் அமைப்புப் பக்கம் திரையில் தெரிய வேண்டும். திரையோ அந்த எண்ணால்தான் எழ மறுக்கிறது. சாவியை வீட்டுக்குள் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தியது போன்ற நிலை இது. கதவை உடைக்க வேண்டியதில்லை. பின்வாசல் ஒன்று இருக்கிறது.

அந்தப் பின்வாசல், தாய்ப்பலகையில் பதிந்திருக்கும் ஒரு சிறு வட்ட மின்கலம். ஏறத்தாழ நம் 20 காசு நாணயம் அளவு இருக்கும். அதன் பெயர் சி.ஆர். 2032. 20 என்பது அதன் அகலம் 20 மில்லிமீட்டர் என்பதையும், 32 என்பது அதன் தடிப்பு 3.2 மில்லிமீட்டர் என்பதையும் குறிக்கும். அழுத்தம் 3 வோல்ட். கணினியை அணைத்த பிறகும் மணியையும் நாளையும் ஓட வைப்பதும், அமைப்புகளை நினைவில் காக்க உதவுவதும் இந்த மின்கலமே. அந்த நினைவுக்குச் சீமாஸ் என்று பெயர். அதை அழித்தால் கணினி தொழிற்சாலையில் கொடுத்த பழைய எண்ணுக்கே திரும்பிவிடும்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். தாய்மார்கள் கவலைப்பட வேண்டாம். சீமாஸை அழித்தால் பிள்ளையின் பாடங்களோ, குடும்பப் படங்களோ அழியாது. அவை தனி வட்டில் இருக்கின்றன. அழிவது அமைப்பு எண்கள் மட்டுமே.

இனிச் செய்முறை. அவசரமின்றி, பகல் வெளிச்சத்தில், பெரியவர் ஒருவர் உடனிருக்கச் செய்யுங்கள்.

முதலாவது, பொறுத்திருங்கள். ராமின் வேகத்தை மாற்றியிருந்தால், கணினி அதைப் பழக்கிக்கொள்ளத் தானாகவே இரண்டு மூன்று முறை அணைந்து எழக்கூடும். புதிய வகைக் கணினியானால் இதற்குச் சில நிமிடங்கள் பிடிக்கும். பத்து நிமிடம் அப்படியே விட்டுவிடுங்கள். பல தாய்ப்பலகைகள் இரண்டு மூன்று முறை தோற்றபின், தாமே பழைய வேகத்துக்குத் திரும்பி, வேகக் கூட்டல் தோற்றுவிட்டது என்று திரையில் செய்தி காட்டும்.

இரண்டாவது, தயாரிப்பாளரின் சின்னமாவது திரையில் தெரிகிறதா என்று பாருங்கள். சின்னம் தெரிந்து, அதன் பிறகு விண்டோஸ் மட்டும் எழாவிட்டால் வேலை எளிது. பொத்தானை அழுத்தியவுடன் டெலீட் விசையை அல்லது எஃப்2 விசையை விட்டுவிட்டுத் தட்டுங்கள். அமைப்புப் பக்கம் வரும். அதில் 'லோட் ஆப்டிமைஸ்டு டிஃபால்ட்ஸ்' என்று ஒரு வரி இருக்கும். தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பு என்பது அதன் பொருள். அதைத் தேர்ந்து, பெரும்பாலும் எஃப்10 விசையால், சேமித்து வெளியேறுங்கள். அத்துடன் முடிந்தது.

மூன்றாவது, சின்னமும் தெரியவில்லை என்றால் பெட்டியைத் திறக்க வேண்டும். முதலில் சுவர் விசையை அணைத்துச் செருகியைப் பிடுங்கிவிடுங்கள். பிறகு கணினியின் பொத்தானை 15 நொடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தங்கிய மின்சாரம் வடிந்துவிடும். பெட்டியின் இரும்புப் பகுதியைக் கையால் தொடுங்கள். நம் உடலில் சேர்ந்திருக்கும் நிலைமின்சாரம் சில்லுகளுக்குக் கேடு செய்யாதிருக்க இது உதவும். மின் வழங்கி என்னும் தனி இரும்புப் பெட்டியை மட்டும் எந்தக் காரணத்தாலும் திறக்காதீர்கள். செருகியைப் பிடுங்கிய பிறகும் அதனுள் உயிருக்கு ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும்.

நான்காவது, மறக்கச் செய்தல். தாய்ப்பலகையில் மின்கலத்துக்கு அருகில் இரண்டு அல்லது மூன்று சிறு ஊசிகள் நிற்கும். பக்கத்தில் 'சி.எல்.ஆர். சீமாஸ்' என்றோ, 'சி.எல்.ஆர்.டி.சி.' என்றோ, 'ஜே.பேட் 1' என்றோ எழுதியிருக்கும். இரண்டு ஊசிகள் மட்டும் இருந்தால், திருப்புளியின் முனையால் இரண்டையும் ஒருசேரத் தொட்டு 10 நொடி வைத்திருங்கள். மூன்று ஊசிகளில் ஒரு சிறு தொப்பி செருகியிருந்தால், அதைக் கழற்றி அடுத்த இரண்டு ஊசிகளில் 10 நொடி செருகி, மறுபடி பழைய இடத்திலேயே செருகுங்கள். இதைச் செய்யும்போது செருகி சுவரில் இருக்கவே கூடாது. ஊசிகள் தென்படாவிட்டால் மின்கலத்தை மெல்ல நெம்பி எடுத்து, 10 நிமிடம் கழித்து, கூட்டல் குறி மேலே தெரியும்படி மறுபடி வையுங்கள். சில பலகைகளில் மின்கலத்தை எடுப்பது மட்டும் போதாது. ஊசி முறையே பலிக்கும். விலை கூடிய சில பலகைகளில் பெட்டியின் பின்புறமே இதற்கொரு பொத்தான் உண்டு.

கழற்றிய மின்கலத்தைச் சிறு குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். குழந்தை அதை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக் குழாய் வெந்துவிடக்கூடும். அப்படி நேர்ந்தால் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

ஐந்தாவது, இன்னும் எழவில்லையானால் ராம் பலகைகளைப் பாருங்கள். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ஒன்றை மட்டும் 'டக்' என்ற ஒலி கேட்கும்வரை அழுத்திச் செருகி முடுக்குங்கள். நான்கு இடங்கள் இருந்தால், செயலியிலிருந்து எண்ணி இரண்டாவது இடம் பொதுவாகப் பொருந்தும். ஒன்றில் எழாவிட்டால் மற்றொன்றை மாற்றிப் பாருங்கள். ஒவ்வொரு முறை கழற்றும் முன்னும் செருகியைப் பிடுங்க மறவாதீர்கள். தாய்ப்பலகைக்கும் செயலிக்கும் மின்சாரம் தரும் கம்பிகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்றும் தடவிப் பாருங்கள். வேலை செய்யும்போது கைபட்டுத் தளர்ந்த கம்பியே திரையைக் கறுக்க வைப்பதும் உண்டு.

ஆறாவது, படம் வரையும் தனி அட்டை இருந்தால் அதையும் கவனியுங்கள். அதன் வேகத்தை விண்டோஸுக்குள் இருந்து கூட்டியிருந்தால் சீமாஸை அழிப்பது உதவாது. திரையின் கம்பியைத் தாய்ப்பலகையின் துளைக்கு மாற்றிப் பாருங்கள். செயலிக்குள்ளேயே படம் வரையும் பகுதி இருந்தால் திரை எழும். பிறகு வேகத்தைக் கூட்டிய அந்த மென்பொருளை நீக்கிவிடலாம்.

கணினி எழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உடனே செய்ய வேண்டியவை சில உண்டு. நாளும் மணியும் பின்னோக்கிப் போயிருக்கும். அதைச் சரிசெய்யாவிட்டால் இணையப் பக்கங்கள் பல திறக்க மறுக்கும். திரை நீலமாகி விண்டோஸ் தடுமாறினால், வட்டு இணையும் முறை பழையபடி இல்லை என்று பொருள் கொள்ளலாம். அமைப்புப் பக்கத்தில் அதைப் பழையபடி மாற்ற வேண்டும். சில கணினிகள் 'பிட்லாக்கர்' மீட்பு எண் என்று 48 இலக்கம் கேட்கும். பயப்பட வேண்டாம். கணினியைப் பதிவு செய்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த எண் பெரும்பாலும் இருக்கும். இதற்காகவே, பெட்டியைத் திறக்கும் முன்பே அந்த எண்ணைக் கைத்தொலைபேசி வழியாகத் தேடி ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது அறிவுடைமை.

இவ்வளவும் செய்தும் எழாத கணினி உண்டா? உண்டு. அதற்குக் காரணம் பெரும்பாலும் வேக எண் அன்று, மின்னழுத்த எண். வேகத்தைக் கூட்டினால் தடுமாற்றம் வருகிறது என்று மின்னழுத்தத்தையும் கூட்டிவிடுகிறார்கள். இங்கே ஒரு சிறு கணக்கைக் கவனியுங்கள். செயலியின் வெப்பம் வேகத்தோடு நேராகக் கூடும். மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் கூடும். 1.2 வோல்ட்டை 1.4 ஆக்கினால், 1.44 இருந்த இடத்தில் 1.96 வருகிறது, அஃதாவது 36 விழுக்காடு கூடுதல். அதோடு வேகத்தை 10 விழுக்காடு கூட்டினால் வெப்பம் ஏறக்குறைய 50 விழுக்காடு கூடிவிடும். பத்துப் பங்கு வரவுக்கு ஐம்பது பங்கு செலவு! தகரக் கூரையின் கீழ், நண்பகல் வெயிலில், தூசு படிந்த விசிறியோடு ஓடும் கணினிக்கு இது எவ்வளவு பெரிய சுமை என்று எண்ணிப் பாருங்கள்.

அளவு மீறிய மின்னழுத்தம் சில்லை உள்ளிருந்தே அரிக்கும். 2024இல் இண்டெல் நிறுவனத்தின் 13, 14ஆம் தலைமுறை மேசைக்கணினிச் செயலிகள் பல நிலைதடுமாறியபோது, அளவுக்கு மேல் மின்னழுத்தம் போனதே காரணம் என்று அந்நிறுவனமே அறிவித்தது. உத்தரவாதக் காலத்தையும் இரண்டு ஆண்டு நீட்டித்தது. ஏற்கெனவே கெட்ட சில்லை எந்தத் திருத்தமும் மீட்காது. ஆகவே வேக எண்ணை மறக்கச் செய்யலாம். வெந்துபோன சில்லை மறக்கச் செய்ய முடியாது. கருகிய வாடை வந்தாலோ, பலகையில் இருக்கும் சிறு உருளைகள் தலை வீங்கியிருந்தாலோ, அத்துடன் நிறுத்திவிட்டுத் தெரிந்தவரிடம் கொண்டு போங்கள். மடிக்கணினியானால் உள் மின்கலம் வேறு இருப்பதால், பழக்கமில்லாதவர்கள் திறக்காமல் இருப்பதே நல்லது.

இளைஞர்களே, உங்களுக்கும் ஒரு சொல். அறியும் ஆவல் குற்றமன்று. ஆயினும் வேகத்தைக் கூட்டும் முன், கணினி எதனால் மெதுவாக இருக்கிறது என்று கேளுங்கள். பழைய கணினிகளில் பெரும்பாலும் சுழலும் வட்டுதான் தாமதத்துக்குக் காரணம். அதை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. என்னும் சுழலாத வட்டைப் போடுவதும், ராமைக் கூட்டுவதும், விசிறியின் தூசைத் துடைப்பதும் தரும் பலன், பள்ளிப் பாடத்துக்கு வேகக் கூட்டலைவிட மிகுதி. அப்படியும் முயல விரும்பினால், ஒரு நேரத்தில் ஓர் எண்ணை மட்டும், சிறிது சிறிதாக மாற்றுங்கள். மாற்றும் முன் பழைய எண்ணை ஏட்டில் எழுதுங்கள். மின்னழுத்தத்தைத் தொடாதீர்கள். தங்கையின் தேர்வுக்கு முந்தைய இரவில் எதையும் தொடாதீர்கள். அந்தக் கணினி வீட்டுக்கெல்லாம் பொது.

பெற்றோர்களே, கடைக்குப் போக நேர்ந்தால் வாய் மூடி நிற்காதீர்கள். "சீமாஸை அழித்துப் பார்த்தீர்களா? ஒரே ராமோடு முடுக்கிப் பார்த்தீர்களா?" என்ற இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். பொருளை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், கழற்றிய பழைய பொருளைத் திருப்பிக் கேளுங்கள். இந்தக் கேள்விகளைக் கேட்கத் தெரிந்தவரிடம் வேண்டாத செலவைச் சுமத்துவது எளிதன்று. நம் உழைப்பில் வந்த காசு, அறியாமையால் கைவிட்டுப் போகக் கூடாது.

சுருங்கச் சொன்னால், திரை கறுத்தால் பதற வேண்டாம். பிள்ளையை அடிக்கவும் வேண்டாம். பொறுத்துப் பாருங்கள், செருகியைப் பிடுங்குங்கள், சீமாஸை மறக்கச் செய்யுங்கள், ஒரே ராமோடு முடுக்குங்கள். அதன் பிறகும் எழாவிட்டால் அறிந்தவரை நாடுங்கள். பழுது பார்க்கும்போது மகனையோ மகளையோ பக்கத்தில் அமர்த்தி, ஒவ்வொரு படியையும் அவர்கள் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். எண்ணை மாற்றத் துணிந்த கை, அதைச் சரிசெய்யவும் கற்றுக்கொள்ளட்டும்.